தோல்முட்டை

வாங்கி வந்தபோது அதற்கு ஐந்து மாதம்.
"வருசத்துக்கு முந்நூறு, அக்கா, எழுதி வச்சுக்கோங்க"
என்றான் ஆலங்குளம் சந்தையில் வேன்காரன்.
எழுதித்தான் வைத்தார் இவர்.
பால் கணக்குக்கும் சிலிண்டர் வந்த தேதிக்கும் நடுவே
காலண்டரில் தினம் ஒரு சுழி.
கார்த்திகையில் இருபத்தெட்டு.
இடாத ஒரு நாளைக்கு
பாம்பு முழுங்கியிருக்கும் என்று
வைக்கோலை எல்லாம் உதறிப் பார்த்தார்.

மாடத்தி மைனி வீட்டு நாட்டுக்கோழி
பதினைந்து இடும். பிறகு கேறும்.
கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும்.
இருபத்தொரு நாள் ஓலைப்பெட்டியை விட்டு இறங்காது.
அது பாட்டுக்கு அது.
எங்களுடையதற்குக் கேறத் தெரியாது.
அடை என்கிற சங்கதியையே
அதன் ரத்தத்திலிருந்து யாரோ கழித்துவிட்டார்கள்,
பீடிக்கடையில் என் கட்டைப் பிரித்துக் கழிக்கிற மாதிரி.

மாசியில் ஓடு சொரசொரத்தது.
பங்குனியில் விரல் பட்டால் உள்ளே போனது.
ஒரு விடியலில்
ஓடே இல்லை,
வெறும் தோல்.
எடுத்தேன். வெதுவெதுப்பாக,
பச்சைப்பிள்ளை உச்சிக்குழி மாதிரி அமுங்கியது.
இவர் அதற்கும் ஒரு சுழி போட்டார்.
கொஞ்சம் யோசித்து
பாதியை அழித்தார்.

சித்திரை இரண்டாம் தேதி மத்தியானம்
தொழுவச் சுவரோரம் நின்றது,
வால் தொங்கி, நெஞ்சு நிமிர்ந்து,
ரேஷன் வரிசையில் நிற்கிற ஆள் மாதிரி.
முக்கும். கண்ணை மூடும்.
மறுபடி முக்கும்.
முக்கூடல் கால்நடை ஆஸ்பத்திரியில் பூட்டு.
டாக்டரம்மா ஏதோ முகாமில் இருந்து
போனில் சொன்னார்:
"வெந்நீர்ல உட்கார வைங்க. சூடு உங்க முழங்கை தாங்கணும்.
தேங்காய் எண்ணெய் விடுங்க.
அவசரப்பட்டு உள்ளுக்குள்ள உடைச்சிராதீங்க,
உடைஞ்சா பிழைக்காது."

பிள்ளைகளைக் குளிப்பாட்டின சருவத்தில்
கோழியை உட்கார வைத்தேன்.
திமிறவில்லை. அதுதான் பயமாயிருந்தது.
வயிற்றுக்கடியில் கை கொடுத்துப் பிடித்தால்
அங்கே கெட்டியாக ஒன்று,
வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல்.

மடியில் இலைத்தட்டு இல்லாமல்
ஒரு மத்தியானம் உட்கார்ந்து எத்தனை வருசம் என்று
எண்ணிப் பார்த்தேன்.
மூத்தவள் பிறந்த அன்று காலையில்கூட
நானூறு சுற்றினேன்,
வலி வந்து போகிற இடைவெளியில்.
அதில் ஆறைக் கழித்தார்கள்,
தலைமடிப்பு சரியில்லை என்று.

மூன்று மணிக்கு
ஒரு விக்கல் மாதிரி விழுந்தது.
ஒரு ஓரத்தில் ரத்தக் கீற்று.
கோழி தண்ணீருக்குள் திரும்பி
யாரோ தவறவிட்டுப் போன சாமான் போல
அதைப் பார்த்தது.

"சிப்பித்தூள் போடுங்க" என்றார் டாக்டரம்மா.
"ராத்திரி கூட்டுல வெளிச்சம் விழுதா?"

விழுகிறது.
பஞ்சாயத்து மாட்டின வெள்ளை விளக்கு, கூட்டுக்கு நேர் மேலே.
அந்த வெளிச்சத்தில்தான் பதினோரு மணி வரை
மிச்சக் கட்டுக்கு நூல் சுற்றுகிறேன்.
கரண்டு மிச்சம் என்று சந்தோசப்பட்டோம்.
அது ராத்திரியைப் பகல் என்று நம்பி
உள்ளுக்குள் அடுத்ததைச் செய்துகொண்டு இருந்திருக்கிறது,
எலும்பைச் சுரண்டி ஓடு போட்டு.

அரிசிச் சாக்கு நாலைத் தைத்து
கூட்டை மூடினேன்.
"முட்டை குறையுமே" என்றார் இவர்.
"குறையும்" என்றேன்.

காலண்டரில் எட்டு நாள் வெறுமனே கிடக்கிறது.
ஒன்பதாம் நாள் கூடு முழுக்க இறகு.
கழுத்தெல்லாம் மொட்டையாகி
பார்க்கச் சகிக்காமல் நிற்கிறது.
மைனி சுவர் வழியே எட்டிப் பார்த்து
"ஏட்டி, சீக்கு வந்துட்டு" என்றாள்.

சீக்கு இல்லை மைனி.
லீவு.

சொல்லிவிட்டு
தட்டை எடுத்துக்கொண்டு
வெளிச்சத்துக்கு வந்தேன்.